அலமாரியின் சாவி

அந்தப் பள்ளிக்கூடத்தில் புத்தகங்கள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தலைமையாசிரியையின் நாற்காலிக்குப் பின்னால் சாம்பல் நிற இரும்பு அலமாரி ஒன்றில், இருநூறுக்குச் சற்றுக் குறைவாக இருந்தன. முதுகு மடங்காமல், மூலை மழுங்காமல், மை வாசனைகூடப் போகாமல் இருந்தன. அலமாரிக்குப் பூட்டு ஒன்று போதாதென்று இரண்டு.

தில்லியின் வடமேற்கு ஓரத்தில் ஒரு மறுகுடியமர்வுக் காலனி. நகரத்தின் நடுவில் இருந்த குடிசைகளை அகற்றியபோது கொண்டுவந்து இறக்கிய ஜனங்கள். பாதிப் பேருக்குச் சொந்த ஊர் பீகார், மீதிப் பேருக்கு உத்தரப் பிரதேசம். அங்குள்ள அரசு ஆரம்பப் பள்ளிக்கு நான் 2022 நவம்பரில் போனேன். ஒரு சிறிய தொண்டு அமைப்புக்காகச் சில படக்கதைகளைத் தமிழாக்கியிருந்தேன். அதே கதைகளின் இந்திப் பதிப்பை அங்கே 'வாசிப்பு விழா'வில் படித்துக்காட்டப் போகிறோம், வந்து பாருங்களேன் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கு வாசகரை நேரில் பார்க்கும் பாக்கியம் அபூர்வம். அதிலும் ஏழு வயது வாசகர் என்றால் எப்படிப் போகாமல் இருப்பது?

விழா விழாவாகவே நடந்தது. துணிப் பதாகை, பிஸ்கட் பொட்டலம், கைதட்டல். மழையில் காணாமல் போன ஓர் ஆட்டுக்குட்டியின் கதையை ஓர் இளைஞர் மிக நன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் மூச்சுவிட மறந்து கேட்டார்கள். அப்போது பார்த்து சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தார். கதை பாதியில் நின்றது. மாலை, உரை, புகைப்படம். பிறகு புத்தகங்கள் எண்ணப்பட்டு அலமாரிக்குள் போயின.

கிளம்பும்போது நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "மேடம்ஜி, அந்த ஆட்டுக்குட்டி கிடைச்சுதா?"

நான்தான் மொழிபெயர்த்தவளாயிற்றே. கிடைத்தது என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, தப்புச் செய்துவிட்டது போலிருந்தது. கதையின் முடிவு பத்தடி தூரத்தில், இரண்டு பூட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதை அவள் என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

தலைமையாசிரியையிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். அந்தப் பெண்ணிடம் ஒரு நாளைக்குக் கொடுத்தனுப்பினால் என்ன? அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ், பஹன்ஜி. போகும்போது பொறுப்பு ஒப்படைக்கணும். இருப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கிற ஒவ்வொன்றும் இருக்கணும். முன்னாடி வேலை பார்த்த பள்ளியில் பதினோரு புத்தகம் குறைஞ்சுது. சம்பளத்தில் பிடிச்சாங்க. பணம் பெரிசில்லை. விளக்கம் எழுதச் சொன்னாங்க பாருங்க, அதுதான்."

'அதுதான்' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கையால், நான் திருடவில்லை என்று எழுதித்தர வேண்டியிருந்திருக்கிறது. இந்த அம்மாளைப் புத்தக விரோதி என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அவர் இடத்தில் நான் இருந்தால் மூன்றாவது பூட்டு வாங்கியிருப்பேன்.

இது ஒரு பள்ளியின் கதையல்ல என்பதுதான் சங்கடம். ஆரம்பப் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச வசதிகள் தருவதற்காக 1987இல் மத்திய அரசு 'கரும்பலகைத் திட்டம்' தொடங்கியது. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கூடவே வரைபடம், விளையாட்டுச் சாமான், கதைப் புத்தகம். வட மாநிலக் கிராமங்களில் 1996இல் ஆய்வு நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட 'புரோப்' அறிக்கையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: வந்த சாமான்களில் பல, குழந்தைகள் கை படாமல் பெட்டியிலேயே கிடந்தன. கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?

பிறகு 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், செய்தித்தாள், பத்திரிகை, பாட சம்பந்தமான புத்தகம் ஆகியவற்றோடு கதைப் புத்தகத்தையும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். பாராளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தில் கதைப் புத்தகத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்த அந்த முகம் தெரியாத அதிகாரிக்கோ கல்வியாளருக்கோ ஒரு வணக்கம். ஒருங்கிணைந்த கல்வித் திட்டமான 'சமக்ர சிக்ஷா' 2018இல் வந்தபோது, பள்ளி நூலகங்களுக்கு ஆண்டு மானியமும் ஏற்பட்டது. ஆரம்பப் பள்ளிக்கு 5,000 ரூபாய் வரை. பெரிய தொகையில்லை, ஆனால் மெல்லிய படக்கதைகளாக வாங்கினால் ஒரு வகுப்புக்கு ஆளுக்கு இரண்டு தேறும். குழந்தைகளுக்காகவே புத்தகம் போடும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், 'நேரு பால புஸ்தகாலயா' வரிசையை வெளியிடும் நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டுமே 1957இல் தில்லியில் தோன்றியவை. அந்தக் காலனியிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடலாம்.

சட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. படிக்கத் தெரிந்திருக்கிறதா? நாட்டின் கிராமப்புறங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' ஆய்வின்படி, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் 50.5 சதவீதம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022இல் அது 42.8. 2024இல் 48.8க்கு ஏறியிருக்கிறது. ஏறியும் பாதியைத் தொடவில்லை. படிக்கத் தெரியாததால் புத்தகம் கொடுப்பதில்லை, புத்தகம் கொடுக்காததால் படிக்க வருவதில்லை. இதில் எந்த நுனியைப் பிடித்து இழுப்பது என்று கல்வியாளர்கள் விவாதித்துக்கொண்டிருக்கட்டும். எனக்கு அந்தப் பூட்டு உறுத்திக்கொண்டே இருந்தது.

நூலகம் என்றதும் நமக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் ஞாபகம் வராமல் போகாது. சீர்காழிக்காரர், கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், பிற்காலத்தில் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பாதுகாக்க அல்ல, உபயோகிக்க என்பதைச் சொல்வது. அதை விளக்க, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டுகிறார். கையால் எழுதிய காலத்தில் ஒரு புத்தகம் ஒரு சொத்து. சங்கிலிக்கு அர்த்தம் இருந்தது. முப்பது ரூபாய்ப் படக்கதைக்கு?

சங்கிலியை யார் போட்டது என்று தேடப்போய், அரசாங்கத்தின் பொது நிதி விதிகளைப் புரட்டினேன். பொழுதுபோகாதவர்கள்கூடத் தொடாத புத்தகம் அது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், நூலகப் புத்தகங்கள் பற்றிய இடத்தில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஓராண்டில் படிக்க எடுத்துக் கொடுக்கப்படும் ஒவ்வொரு ஆயிரம் புத்தகத்துக்கும் ஐந்து தொலைந்தால், அது நியாயமான இழப்பாகக் கருதப்படலாம். நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு தடவை படித்தேன். இருப்பில் உள்ள ஆயிரம் அல்ல, எடுத்துக் கொடுத்த ஆயிரம். அதாவது அலமாரி பூட்டியே இருந்தால் ஒரு புத்தகம் குறைந்தாலும் குற்றம். இருநூறு புத்தகம் ஆளுக்கு ஆள் கை மாறி வருடத்தில் ஆயிரம் தடவை வெளியே போய் வந்தால், ஐந்து தொலையலாம். எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு தொலைக்க உரிமை உண்டு! கணக்குப் பிள்ளைகள் எழுதிய விதிக்குள் ரங்கநாதன் உட்கார்ந்திருக்கிறார்.

தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இது மத்திய அரசு அலுவலகங்களுக்கு. நம்ம பள்ளிக்குப் பொருந்துமா?" என்றார். நியாயமான கேள்வி. பொருந்தும் என்று எழுத்தில் தர யாரும் முன்வரவில்லை. மேலிடத்தில் விசாரித்தபோது, "கொடுங்கள் மேடம், யார் வேண்டாமென்றது?" என்று வாயால் சொன்னார்கள். வாயால் சொன்னதைப் பதிவேட்டில் ஒட்ட முடியாது.

வழி பிறந்தது வேறு இடத்தில். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. அரசாங்கக் காகிதங்களில் 'சமூகப் பங்கேற்பு' என்று கம்பீரமாக வரும் சொல்லுக்கு, நான் பார்த்த பள்ளிகளில் பெரும்பாலும் இரண்டே அர்த்தங்கள்: சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் மைதானம் கூட்டுவது, எழுதி முடித்த தீர்மானத்தின் கீழே கைநாட்டு வைப்பது. இங்கேயும் அப்படித்தான் இருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். ஆண்களில் ஒருவர் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார். தலைமையாசிரியை தன் பயத்தை ஒளிக்காமல் சொன்னார். சொன்னது நல்லதாயிற்று. 'பெற்றோரே, வாசிப்பை ஊக்குவியுங்கள்' என்று உபதேசித்திருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தொலைந்தால் என் தலையில் விழும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தர்பங்காப் பக்கத்துப் பெண் ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்து அட்டையில் பொட்டு ஒட்டிக் கொடுக்கும் வேலை. ஆட்டுக்குட்டி கிடைத்ததா என்று கேட்டாளே, அவளுடைய அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கேட்டார்: "மேடம்ஜி, இதுவும் கமிட்டிதானே?"

தில்லியில் இருப்பவர்களுக்கு இது புரியும். நம் ஊரில் சீட்டுப் பிடிப்பது போல இங்கே பெண்கள் மாதாமாதம் பணம் போட்டு எடுப்பதற்குப் பெயர் 'கமிட்டி'. அந்தக் காலனியில் கமிட்டி போடாத பெண் இல்லை. ஒருத்தி பணம் கட்ட முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு எழுதப்படாத விதிகள் பக்காவாக உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவும் 'கமிட்டி' என்றுதான் அழைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கமிட்டிக்கும் இந்தக் கமிட்டிக்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. "கமிட்டியில் ஒரு ஆள் தலையில் எப்படி விழும்? எல்லார் தலையிலும்தானே விழணும்?" என்றார் அவர்.

பள்ளிக்குள் காசு வசூலித்தால் அது வேறு வம்பு. கல்வி இலவசம் என்பது சட்டம். ஆகவே காசு பற்றி எதுவும் எழுதவில்லை. குழுவின் ஒப்புதலோடு புத்தகங்கள் வீட்டுக்குக் கொடுக்கப்படுகின்றன, கிழிவதும் தொலைவதும் மாதந்தோறும் குழுவின் முன் வைக்கப்பட்டுப் பதியப்படும், பொறுப்பு குழுவினுடையது என்று தீர்மானம். பதினோரு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். எழுந்து போனவரை வீட்டிலிருந்து கூட்டி வந்து வைக்க வைத்தார்கள்.

மறு சனிக்கிழமை அலமாரி திறந்தது. ஆட்டுக்குட்டிப் புத்தகத்தைத்தான் அந்தப் பெண் முதலில் எடுத்தாள், முடிவு தெரிந்திருந்தும்.

நடைமுறை எளிமையானது. வேப்பமரத்தடியில் தார்ப்பாய். இரண்டு தாய்மார்கள் முறைபோட்டு உட்காருவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டில் எழுதுவாள். தாய்மார்களுக்குத் தலைப்புப் படிக்க வராது; அதனால் என்ன, 'சிவப்புச் சட்டை', 'ஊதா யானை', 'கோபக்காரக் கிழவி' என்று அட்டைப் படத்தை வைத்து எல்லாப் புத்தகத்துக்கும் பெயர் சூட்டியிருந்தார்கள். எது யார் வீட்டில் இருக்கிறது என்பது நோட்டைப் பார்க்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எடுத்துப் போகும் குழந்தை வீட்டில் யாருக்காவது சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை. படிக்கத் தெரியாத அம்மாவை ஏமாற்றிவிட்டால்? நான் கேட்டேன். பொட்டு ஒட்டும் அம்மாள் சிரித்தார். "தெரிஞ்சிடும். நிஜமா படிக்கிறப்போ விரல் அங்கங்கே நிக்கும். கதை விடுறப்போ விரல் முன்னாடி ஓடிடும்." வாசிப்புத் திறன் பற்றி நான் மொழிபெயர்த்த பயிற்சிக் கையேடுகள் எதிலும் இந்த வாக்கியம் இல்லை.

விரல் எங்கே நின்றது என்பதைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்பட்டது. இந்தியில் 'விருக்ஷ்' என்று அச்சிட்ட இடத்தில் நின்றது. அந்தக் குழந்தை வீட்டில் பேசுவது மைதிலி. மரத்துக்கு அதில் 'காச்'. தெருவில் 'பேட்' என்கிறாள். புத்தகத்தில் மட்டும் எங்கிருந்தோ ஒரு விருக்ஷம் முளைத்து நிற்கிறது. இந்திக்காரர்களைக் குறை சொல்லப் போய், வீட்டுக்கு வந்து என் தமிழ்ப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். 'ஆட்டுக்குட்டி நனைந்து நடுங்கியவாறு விழித்தது' என்று எழுதியிருந்தேன். 'நடுங்கியவாறு'! எந்த ஏழு வயதுப் பிள்ளை அப்படிப் பேசுகிறது? முதுகலைத் தமிழ் படித்தவள் குழந்தைகளுக்கு எழுத வந்தால் இதுதான் நடக்கும். அடுத்த பதிப்பில் திருத்தித்தரச் சம்மதித்திருக்கிறார்கள்.

எல்லாம் சுபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆசிரியர், பாடம் முடிக்கவே நேரமில்லை, இதில் கதை வேறா என்று கடைசிவரை ஒதுங்கியே இருந்தார். அப்பாக்கள் அநேகமாக எட்டிப் பார்க்கவில்லை. டியூஷனுக்கு மாதம் 300 ரூபாய் கொடுக்கும் வீடுகள், இலவசமாக வரும் புத்தகத்தைச் சந்தேகமாகவே பார்த்தன. சில குழந்தைகள் படம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பினார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டார். எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது அன்றுதான். ஒரு மழைக்காலத்தில் நான்கு புத்தகங்கள் சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் போயின. குழு கூடிப் பதிவு செய்தது. யாரும் விளக்கம் எழுதவில்லை.

2025 தொடக்கத்தில் தலைமையாசிரியை ஓய்வுபெற்றார். பொறுப்பு ஒப்படைக்கும் அன்று போயிருந்தேன். அலுவலகத்திலிருந்து வந்த எழுத்தர் பதிவேட்டை ஒரு கையிலும் பென்சிலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எண்ணினார். அந்த வருடம் வெளியே போய் வந்த கணக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பாதிப் புத்தகங்களுக்கு முதுகில் ஒட்டு. ஒன்றிரண்டுக்கு அட்டையே இல்லை. ஊறிப்போனவை நீங்கலாக மூன்று குறைந்தன. தீர்மானங்களின் நகல்களைத் தலைமையாசிரியை வரிசையாக எடுத்து வைத்தார். கை கொஞ்சம் நடுங்கியது. எழுத்தர் ஒவ்வொன்றாகப் படித்தார், கைநாட்டுகளை எண்ணினார், சரி என்று தலையசைத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

ரயில் படம் போட்ட புத்தகம். சத் பண்டிகைக்கு ஊருக்குப் போன ஒரு பையன் எடுத்துக்கொண்டு போனான். அங்கே அவன் சித்தப்பா பிள்ளைகள் விடவில்லையாம். பதிவேட்டில் இருப்பு, கிழிந்தது, தொலைந்தது என்று மூன்றே பத்திகள். இதை எதில் எழுதுவது என்று குழுவில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்ததாம். தொலைந்தது என்று எழுதப் பெண்கள் சம்மதிக்கவில்லை. எங்கே இருக்கிறது என்றுதான் எல்லாருக்கும் தெரியுமே. கடைசியில் குறிப்புப் பத்தியில் தலைமையாசிரியை தன் கையால் எழுதியிருந்தார்.

"இது என்ன மேடம், 'ஊரில் உள்ளது'?" என்று கேட்டார் எழுத்தர்.

"ஊரில்தான் இருக்கு," என்றார் தலைமையாசிரியை. எழுத்தர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்த வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.